கசிவைத் தேடி: அலுமினாத் தண்டுகளால் கட்டிய மைக்ரோவேவ் படிகக் கேவிட்டி

மேசைமேல் இருக்கும் கேவிட்டி, அதாவது ஒழுங்காக நிறுத்திய தண்டுகளுக்கு நடுவே அலையை அடைத்து வைக்கும் காலி இடம், இப்போது 11.26 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. அதன் க்யூ 6,200. இதே கேவிட்டி தொடக்கத்தில் வெறும் 700-இல் நின்றது. இரண்டுக்கும் நடுவே நடந்தது ஒரே வேலைதான்: அலை எந்த வழியாகத் தப்பிக்கிறது என்று கண்டுபிடித்து, இருப்பதிலேயே பெரிய வழியை முதலில் அடைப்பது. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதை அடைத்தால், எவ்வளவு உழைத்தாலும் அளவுகோலில் எண் நகராது. அதை எப்படிக் கண்டுபிடித்தேன், எந்த அளவுகள் பயன்பட்டன என்பதை எழுதி வைக்கிறேன். இதைக் கட்ட நினைக்கும் இன்னொருவருக்கு உதவும்.

க்யூ என்றால் என்ன என்று ஒரு வரி மட்டும். ஒத்ததிர்வு அதிர்வெண்ணை, ஆற்றல் பாதியாகும் மட்டத்தில் சிகரத்துக்கு இருக்கும் அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. எண் கூடக் கூட, அலை உள்ளே அதிக நேரம் தங்குகிறது.

ஏன் மைக்ரோவேவ்

ஒளிப் படிகம் என்பது, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் துளைகளாலோ தண்டுகளாலோ அலையைத் தடுக்கும் அமைப்பு. ஒளிப் படிகக் கேவிட்டி என்றதும் சிலிக்கான் படலத்தில் வரிசை வரிசையாகத் துளை போட்ட படம்தான் நினைவுக்கு வரும். துளைக்குத் துளை 420 நானோமீட்டர், படலத்தின் தடிமன் 250 நானோமீட்டர் என்பது போன்ற அளவுகள். எலக்ட்ரான் கற்றையால் வடிவம் பொறிக்கும் லித்தோகிராஃபி போன்ற நுட்பம் இல்லாமல் அந்தப் பக்கமே போக முடியாது. ஆனால் மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குச் சொந்தமாக ஒரு நீள அளவு கிடையாது. பொருளின் விடுதிறன் (மின்புலத்துக்கு அது எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பதன் அளவு) அப்படியே இருக்க, எல்லா நீளங்களையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால், அதிர்வெண் அதே விகிதத்தில் இறங்கும். படிகத்தின் நடத்தை மாறாது. 420 நானோமீட்டரைச் சுமார் 24,000 மடங்கு பெருக்கினால் 10 மில்லிமீட்டர். அது வெர்னியர் காலிப்பரால் அளக்கக்கூடிய உலகம்.

இது புதிய யோசனையும் அல்ல. 1987-இல் இயற்பியலாளர்கள் யாப்லனோவிச்சும் சஜீவ் ஜானும் தனித்தனியே ஒளிப் படிகத் துறையைத் தொடங்கி வைத்தார்கள். முழுமையான தடைப்பட்டையை, அதாவது எந்தத் திசையிலும் அலை செல்ல முடியாத அதிர்வெண் வரம்பை, யாப்லனோவிச்சின் குழு 1991-இல் செய்து காட்டியதும் மைக்ரோவேவில்தான். பொருளில் டிரில்லால் மூன்று திசைகளில் சாய்வாகத் துளையிட்டே அதைச் செய்தார்கள். அதே 1991-இல் மெக்கால், பிளாட்ஸ்மன், ஷுல்ட்ஸ் முதலானோர் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்காப்புத் தண்டுகளை நிறுத்தி, அதில் ஒன்றை உருவிவிட்டு, அந்தக் காலி இடத்தில் அலை அடைபடுவதை அளந்தார்கள். நான் கட்டியதும் அந்த வகைதான்.

அளவுகளை முடிவு செய்தது

தண்டு: 4 மி.மீ. விட்டமுள்ள அலுமினா (அலுமினியம் ஆக்சைடு பீங்கான்), 99.5 விழுக்காடு தூய்மை. தண்டுக்குத் தண்டு 10 மி.மீ., சதுரக் கட்டமாக. ஆரத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம் 0.2. காற்றில் நிற்கும் தண்டுகளுக்கு இது நன்றாகத் தெரிந்த, பாதுகாப்பான விகிதம். மின்புலம் தண்டின் நீளவாக்கில் இருக்கும் அலைக்கு அகலமான தடைப்பட்டை கிடைக்கும். அலுமினாவின் விடுதிறனை 9.6 என்று வைத்து, படிகத்தின் தடைப்பட்டையைக் கணக்கிடும் எம்.பி.பி. நிரலில் ஓட்டியபோது, தடைப்பட்டை சுமார் 9.3 முதல் 13 கிகாஹெர்ட்ஸ் வரை வந்தது. நடுத்தண்டு ஒன்றை எடுத்துவிட்டு, மின்காந்த அலை நகர்வதைக் கணக்கிடும் மீப் நிரலில் ஓட்டினால் ஒத்ததிர்வு 11.23-இல் நின்றது. தடைப்பட்டையின் மையம் 11.15. மையத்துக்கு இவ்வளவு அருகில் வந்தது நல்லது. ஓரத்துக்குப் போகப் போக அலை படிகத்துக்குள் ஆழமாகப் பரவும், அடைப்பதற்குச் சுற்றிலும் தண்டு அடுக்குகள் அதிகம் வேண்டும்.

தண்டை எடுப்பதா, அதே இடத்தில் தடித்த தண்டை வைப்பதா என்று ஒரு கேள்வி இருந்தது. எடுப்பதையே தேர்ந்தெடுத்தேன். அப்போது மின்புலத்தின் உச்சம் காற்றில் விழும், அலுமினாவில் வீணாகும் ஆற்றல் குறையும். காலி இடத்துக்குள் எதையாவது நுழைத்து அளக்கவும் வசதி.

தகடுகளுக்கு இடையே உயரம் 10 மி.மீ. இது அரை அலைநீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உயரவாக்கில் மாறும் வேறு அலை வகைகளும் உள்ளே வந்துவிடும். 13 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 11.5 மி.மீ. அதனால் 10 சரி. அதற்கும் கீழே இறக்குவதில் நட்டம் இருக்கிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே புலம் சீராக இருக்கும்போது, உலோகம் மட்டும் காரணமாக வரும் க்யூ, உயரத்தை உலோகத்துக்குள் அலை நுழையும் ஆழத்தால் வகுத்தால் கிடைக்கும். அலுமினியத்தில் 11.2 கிகாஹெர்ட்ஸுக்கு அந்த ஆழம் சுமார் 0.78 மைக்ரான். 10 மி.மீ. உயரத்துக்குச் சுமார் 13,000 வரும். உயரத்தைப் பாதியாக்கினால் இதுவும் பாதியாகிவிடும்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு கணக்குத் தாள் போட்டு வைத்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வழி காட்டியது அதுதான். கசிவுகள் க்யூவாகக் கூடுவதில்லை. ஒன்றின் கீழ் க்யூ என்ற தலைகீழ் எண்ணாகக் கூடுகின்றன. உலோகத்துக்கு 13,000. அலுமினாவின் இழப்புக் கெழு (அலையின் ஆற்றலைப் பொருள் எவ்வளவு தின்கிறது என்பதன் அளவு) பத்தாயிரத்தில் ஒன்று என்றும், புலத்தின் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கு தண்டுகளுக்குள் இருக்கிறது என்றும் எடுத்தால், அதற்கு 25,000. இரண்டும் சேர்ந்தால் 8,500. படிகத்தின் பக்கவாட்டுக் கசிவை எவ்வளவு அடைத்தாலும் இந்த 8,500-ஐத் தாண்ட முடியாது. பக்கவாட்டுக் கசிவுக்கு என் கணிப்பு, காலி இடத்தைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு தண்டு அடுக்குக்கும் க்யூ ஏறக்குறைய ஐந்து மடங்கு: மூன்று அடுக்கு சுற்றி நின்றால் 900, நான்குக்கு 4,500, ஐந்துக்கு 22,000, ஆறுக்கு 1 லட்சத்துக்கு மேல். அதாவது ஐந்தாவது அடுக்கோடு பெரிய ஆதாயம் முடிந்துவிடும்.

மீப்பில் க்யூவை எடுக்கும்போது சிகரத்தின் அகலத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். க்யூ கூடினால் ஓட்ட வேண்டிய நேரமும் கூடிக்கொண்டே போகும். ஹார்மின்வ் துணைநிரல், தேயும் அலையின் ஒரு சிறு துண்டை வைத்தே அதிர்வெண்ணையும் க்யூவையும் சொல்லிவிடும். இரு பரிமாணக் கணக்கு என்பதால் மடிக்கணினியிலேயே சில நிமிடங்களில் முடிந்தது. தண்டுக்குத் தண்டு உள்ள 10 மி.மீ.க்கு 32 கணக்கீட்டுக் கட்டங்கள் போதுமாக இருந்தன.

தண்டுகளை வெட்டுவது

ஐந்து அடுக்குக்குப் பதினொன்றுக்குப் பதினொன்று, நடுவில் ஒன்று இல்லை, ஆக 120 தண்டுகள். ஒவ்வொன்றும் 10 மி.மீ. நீளம். மொத்த நீளம் ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. ஆனால் நேரம் முழுவதையும் தின்றது இதுதான். அலுமினா எஃகைவிட மிகக் கடினம், ரம்பம் வழுக்கும். டைமண்ட் வீலைக் கைக்கருவியில் மாட்டி, தண்ணீர் சொட்ட விட்டு, சுற்றிலும் ஆழமாகக் கீறி, பிறகு ஒடித்தேன். முழுவதும் வெட்டுவதைவிட இது வேகம். முகமூடி கட்டாயம், தண்ணீரும் கட்டாயம். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. ஒடித்த முனைகள் சாய்வாக இருந்தன. மைக்ரோமீட்டரில் 9.7 முதல் 10.1 வரை வந்தது. அந்த நேரத்தில் அது பெரிதாகத் தோன்றவில்லை. 10 மில்லிமீட்டரில் 0.2 போனால் என்ன, 2 விழுக்காடுதானே என்றே விட்டேன். அது 2 விழுக்காடு விஷயம் அல்ல; பின்னால் வருகிறேன்.

அடித்தகடு 5 மி.மீ. அலுமினியம். அதில் இரண்டு இடங்களில் கனமான கோஆக்ஸ் கேபிளின் உள்கம்பி மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி துளைகள்: ஒன்று அலையை ஏற்ற, ஒன்று எடுக்க. மேல்தகடும் அதே அலுமினியம். தகடுகள் தண்டுக் கூட்டத்துக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ. நீண்டிருந்தன. ஓரங்களைத் திறந்தே விட்டேன். சுற்றிலும் உலோகத்தால் மூடினால் க்யூ ஏறும்தான், ஆனால் அது வெறும் உலோகப் பெட்டி. படிகம் எவ்வளவு அடைக்கிறது என்று தெரியாது.

தண்டுகளை நேராக நிறுத்த, 3 மி.மீ. தடிமனில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் துளைத் தட்டு ஒன்றை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு அடித்தகட்டின்மேல் வைத்தேன்.

முதல் அளவீடும் காணாமல் போன சிகரமும்

நெட்வொர்க் அனலைசரை (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு அலை கடந்து வருகிறது என்று அளக்கும் கருவி) 9 முதல் 13 கிகாஹெர்ட்ஸ் வரை, 201 புள்ளிகள் என்று வைத்து நான்கு அடுக்கோடு அளந்தேன். தடைப்பட்டை அழகாகத் தெரிந்தது. திரையில் ஒரு பள்ளம் போல, இரு முனைகளிலும் செங்குத்தாக. ஒத்ததிர்வைத்தான் காணவில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டதும் காரணம் புரிந்தது: புள்ளிக்குப் புள்ளி 20 மெகாஹெர்ட்ஸ். அதைவிட ஒல்லியான சிகரம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். வரம்பைத் துண்டு துண்டாக்கித் தேடியபோது 10.9 கிகாஹெர்ட்ஸ் அருகே அகப்பட்டது. க்யூ 5,000 இருந்தால் அகலம் வெறும் 2 மெகாஹெர்ட்ஸ்தான். அதனால் இப்போதெல்லாம் முதலில் பரந்த தேடல், அப்புறம் சிகரத்தைச் சுற்றி 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும், இரைச்சலைக் குறைக்கும் இடைநிலை வடிகட்டியின் அகலம் 1 கிலோஹெர்ட்ஸ். இதை ஒரு சடங்கு போலவே செய்கிறேன்.

இன்னொன்று, ஏற்றும் கம்பியும் எடுக்கும் கம்பியும் தாமே கசிவுகள்தான். காலி இடத்துக்கு அருகில் 3 மி.மீ. நீட்டி வைத்தால் சிகரம் உயரமாக, பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அகலமும் அதனாலேயே வருகிறது. கம்பிகளைக் காலி இடத்திலிருந்து மூன்று இடைவெளி தள்ளி வைத்து, சிகரத்தின் உயரம் மைனஸ் 40 டெசிபெலுக்குக் கீழே இறங்கும் வரை குட்டையாக்கினேன். இரு கம்பிகளும் ஒரே அளவில் பிணைந்திருந்தால், அந்த மட்டத்தில் அவற்றால் வரும் பிழை 1 விழுக்காடுதான். கம்பியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தும் அகலம் மாறவில்லை என்றால் அளவு நம்பகமானது.

அப்படி அளந்ததில் கிடைத்தது: நான்கு அடுக்கில் க்யூ 700.

அடுக்கைக் கூட்டினேன், அசையவில்லை

இயல்பாகத் தோன்றுவது அடுக்கைக் கூட்டுவதுதான். நான்கை ஐந்தாக்க இன்னும் 40 தண்டுகள். கணிப்புப்படி பக்கவாட்டுக் கசிவு ஐந்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். க்யூ 700-இலிருந்து 820 ஆனது. அவ்வளவுதான்.

இந்த முழு வேலையிலும் மிகவும் பயனுள்ள அளவீடு எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். ஓர் அடுக்கு கூடி ஐந்து மடங்கு ஏறினால், அலை பக்கவாட்டில்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சமே ஏறினால், அலை வேறு வழியாகப் போகிறது, எத்தனை அடுக்கு போட்டாலும் பயனில்லை. ஓட்டைக் குடத்தின் அடியில் பெரிய துளை இருக்க, பக்கத்து விரிசலுக்கு மெழுகு பூசுவது போலத்தான்.

கணக்குத் தாளில் 8,500 என்று உச்சவரம்பு இருக்கிறது. கையில் இருப்பதோ 820. தாளில் இல்லாத ஏதோ ஒன்று 1,000-ஐ ஒட்டிய க்யூவோடு ஆற்றலைத் தின்கிறது. அமைப்பில் இருந்து கணக்கில் சேராத ஒரே பொருள் பிஎல்ஏ தட்டு. அதன் இழப்புக் கெழு இந்த அதிர்வெண்ணில் நூறில் ஒன்று அளவுக்கு இருக்கும். அலுமினாவைவிட நூறு மடங்கு. விடுதிறன் 2.5 என்று வைத்து, 10-இல் 3 மி.மீ. உயரத்தை அது நிரப்புகிறது என்று கணக்கிட்டால், மொத்த ஆற்றலில் சுமார் 9 விழுக்காடு அதற்குள் போகிறது. அதற்கு மட்டும் க்யூ சுமார் 1,100. அதிர்வெண் 11.23-க்குப் பதில் 10.9-க்கு இறங்கியதற்கும் இதே தட்டுதான் காரணம்.

பிஎல்ஏவை எடுத்துவிட்டு, அடர்த்தியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகையைப் போட்டேன். பெரும்பாலும் காற்றுதான் என்பதால் அதன் விடுதிறன் 1-ஐ ஒட்டியே இருக்கும், இழப்பும் மிகச் சொற்பம். டிரில் பிட் நுரையைக் கிழித்தது. 4 மி.மீ. பித்தளைக் குழாயின் முனையை உட்பக்கம் கூர்மையாக்கி, பஞ்ச் போல அழுத்தியபோது சுத்தமான துளை விழுந்தது. பழைய பிஎல்ஏ தட்டு வீணாகவில்லை; துளைகள் நேராக விழ அதையே மேலே வைத்து வழிகாட்டியாக்கினேன். நுரைப் பலகையை 9.5 மி.மீ.க்குச் செதுக்கிக்கொண்டேன், மேல்தகட்டைத் தாங்கிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக.

க்யூ 3,200. ஒரே மாற்றத்தில் நான்கு மடங்கு.

முடியளவு இடைவெளி

சிகரம் இப்போது 11.56 கிகாஹெர்ட்ஸில் நின்றது. எதிர்பார்த்தது 11.23. 330 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்க முடியாது. அதிர்வெண் மேலே போயிருக்கிறது என்றால் விடுதிறன் எங்கோ குறைந்திருக்கிறது என்று பொருள். முதலில் சந்தேகப்பட்டது அலுமினாவின் தரத்தை. அந்தச் சந்தேகம் தவறான திசை. மேல்தகட்டைக் கழற்றிப் போட்டு ஒவ்வொரு முறையும் அளந்தால், சிகரம் 30, 40 மெகாஹெர்ட்ஸ் இடம் மாறியது. பொருளின் தரம் அப்படி மாறாது.

ஃபீலர் கேஜை (தடிமன் தெரிந்த மெல்லிய உலோகப் பட்டைகள்) ஓரத்திலிருந்து செருகிப் பார்த்தேன். பல தண்டுகளின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே 0.15, 0.2, 0.25 மி.மீ. தாராளமாக நுழைந்தது. நீளமான சில தண்டுகள் தகட்டைத் தாங்கி நிற்க, மற்றவை அதைத் தொடவே இல்லை.

மின்புலம் தண்டின் நீளவாக்கில் இருப்பதால், அந்தக் காற்றிடைவெளி தண்டோடு தொடராக இணைத்த ஒரு மின்தேக்கி. பயனுறு விடுதிறனைக் கண்டுபிடிக்க, தண்டின் நீளத்தை 9.6-ஆல் வகுத்து, அதோடு இடைவெளியைக் கூட்டி, வரும் எண்ணால் மொத்த உயரத்தை வகுக்க வேண்டும். இடைவெளி 0.1 என்றால் 9.6 என்பது 8.84 ஆகிறது. 0.2 என்றால் 8.19. 0.3 என்றால் 7.63. 2 விழுக்காடு இடைவெளி, விடுதிறனில் 15 விழுக்காட்டை விழுங்குகிறது. அலுமினாவுக்குள் புலம் பலவீனமாகவும் இடைவெளிக்குள் ஒன்பது மடங்குக்கு மேல் வலுவாகவும் இருப்பதால் வரும் வினை இது. 8.19-ஐ மீப்பில் போட்டு ஓட்டினேன்: 11.56. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி தனி.

விடுதிறன் குறைந்தால் தடைப்பட்டை சுருங்கும், ஓர் அடுக்குக்கு ஐந்து மடங்கு என்ற கணக்கும் கீழே இறங்கும். இந்தக் காற்றிடைவெளி தண்டுக்குத் தண்டு வேறுபடுவதால் படிகமே ஒழுங்கற்றதாகிவிடுகிறது.

இரண்டு வேலைகள் செய்தேன். தண்டுகளை எல்லாம் ஒரே சட்டத்தில் இறுக்கி, தட்டையான டைமண்ட் தகட்டில் தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் தேய்ந்ததால் நீள வேறுபாடு 0.02-க்குள் வந்தது. மிகவும் குட்டையாக இருந்தவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது, கடினமான மேல்தகட்டை எடுத்துவிட்டு, சாதாரண அலுமினிய ஃபாயிலைப் பரப்பி, அதன்மேல் மெத்தென்ற ரப்பர் நுரை, அதன்மேல் பலகை, அதன்மேல் எடை. ஃபாயில் ஒவ்வொரு தண்டின் தலையிலும் தனித்தனியே படிந்துகொள்ளும். ஃபாயில் 15 மைக்ரான் தடிமன். அலை நுழைவது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. எனவே மின்சார ரீதியில் அது முழுத் தகடுதான். ஓரங்களில் அடித்தகட்டோடு எந்த இணைப்பும் தேவையில்லை. சுருக்கம் இல்லாத புது ஃபாயில் மட்டும் வேண்டும். மடிப்பு விழுந்ததைப் போட்டால் க்யூ சில நூறு இறங்குகிறது.

11.26 கிகாஹெர்ட்ஸ். க்யூ 5,300. கழற்றிப் போட்டாலும் சிகரம் 2, 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகரவில்லை. எனக்கு க்யூவைவிட இதுவே அதிக நிம்மதி தந்தது.

இப்போது தண்டுகளை அகற்றி மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு என்று திரும்ப அளந்தபோது, எண்கள் கணக்குத் தாளோடு ஒத்துப்போயின. ஆறாவது அடுக்கும் போட்டுப் பார்த்தேன், 48 தண்டுகள் கூடுதல். 5,300 என்பது 6,200 ஆனது. ஐந்து மடங்கு அல்ல, ஒன்றேகால் மடங்குகூட இல்லை. ஆக, பக்கவாட்டு வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது உலோகமும் அலுமினாவும் தின்பது. ஏழாவது அடுக்கில் வேலை இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தது

க்யூ ஓர் எண் மட்டுமே. அலை உண்மையிலேயே நடுவில்தான் குவிந்திருக்கிறதா என்று நேரில் பார்க்க ஆசை. அடித்தகட்டில் காலி இடத்தின் மையத்திலும், அங்கிருந்து வெளியே செல்லும் திசையில் தண்டுகளின் நடுநடுவேயும் 1 மி.மீ. துளைகள் போட்டேன். இவ்வளவு சிறிய துளை வழியாக அலை வெளியே வராது. 0.5 மி.மீ. நைலான் தூண்டில் இழையைக் கீழிருந்து துளை வழியே ஃபாயிலைத் தொடும் வரை நுழைத்தால், ஒத்ததிர்வு இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பது அந்த இடத்தின் புலச்செறிவின் இருமடிக்கு நேர்விகிதம்.

மையத்தில் 14 மெகாஹெர்ட்ஸ் இறங்கியது. வெளியே போகப் போக, ஓர் இடைவெளி தாண்டும்போதெல்லாம் முந்தையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நான்காவது இடத்தில் இறக்கம் இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது. ஓர் அடுக்குக்கு க்யூ ஐந்து மடங்கு, ஓர் இடைவெளிக்கு ஆற்றல் ஐந்தில் ஒன்று: இரண்டும் வேறு வேறு வழியில் அளந்த ஒரே விஷயம். யாராவது ஒளிப் படிகம் எப்படி அலையை அடைக்கிறது என்று கேட்டால், நான் இழையோடு இந்தத் துளைகளைத்தான் காட்டுவேன்.

இன்னும் எளிய சோதனை ஒன்றும் உண்டு. மூன்று அடுக்கு இருக்கும்போது திறந்த ஓரத்தருகே கையை வைத்தால் சிகரம் ஆடும். ஆறு அடுக்கில் கையை வைத்தாலும் எடுத்தாலும் திரையில் ஒரு மாற்றமும் இல்லை.

மேலே திறந்துவிட்டால்

கடைசியாக ஃபாயிலை எடுத்துவிட்டு அளந்தேன். சிகரம் இருந்த இடத்தில் அகலமான, தாழ்ந்த மேடு ஒன்றே மிஞ்சியது. சுற்றிலும் ஆறு அடுக்கு நின்றும் பயனில்லை, அலை மேலே போய்விடுகிறது. சிலிக்கான் படலத்தில் கேவிட்டி செய்பவர்களின் சிக்கல் முழுவதும் இதுதான் என்று இப்போது கைப்பட உணர்கிறேன். அவர்களுக்கு மேலும் கீழும் உலோகம் கிடையாது. அந்த அதிர்வெண்ணில் உலோகம் ஒளியைத் தின்றுவிடும். முழு அகப் பிரதிபலிப்பு ஒன்றுதான் மேல்மூடி.

ஜப்பானின் கியோட்டோவில் நோடாவின் ஆய்வுக் குழு 2003-இல் கண்ட வழி, புலம் முடியும் இடத்தை மென்மையாக்குவது. வரிசையில் மூன்று துளைகள் விடுபட்ட கேவிட்டியின் இரு முனைகளிலும் இருக்கும் துளைகளை, துளை இடைவெளியில் 0.15 பங்கு மட்டும் வெளியே நகர்த்தினார்கள். புலம் திடீரென்று வெட்டுப்படாமல் தணிந்து தணிந்து முடிந்தால், மேல்நோக்கித் தப்பிக்கும் பகுதிகள் சுருங்குகின்றன. க்யூ 45,000 கிடைத்தது. 2005-இல் 410, 420 நானோமீட்டர் என்று இடைவெளியையே சற்று மாற்றி அடுத்தடுத்து வைத்து 6 லட்சம். 2017-இல் 1 கோடியைத் தாண்டிவிட்டார்கள். துளைகளைச் சில நானோமீட்டர் நகர்த்துவதில் இவ்வளவு இருக்கிறது.

அடுத்த முறை மாற்றப் போவது

எல்லா நீளங்களையும் இரண்டு மடங்காக்குவேன். 8 மி.மீ. தண்டு, 20 மி.மீ. இடைவெளி, 20 மி.மீ. உயரம், 5.6 கிகாஹெர்ட்ஸ். உலோகத்தின் க்யூ 13,000-இலிருந்து 18,000-க்கு ஏறும், ஏனென்றால் உயரம் இரட்டிக்கும்போது அலை நுழையும் ஆழம் 1.4 மடங்குதான் கூடுகிறது. 6 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே அளக்கும் கையடக்க அனலைசரே போதும். அதே 0.2 மி.மீ. காற்றிடைவெளி பாதி தீங்குதான் செய்யும். எதிரே நிற்பது பொருட்செலவு: அலுமினாவின் கனஅளவு எட்டு மடங்கு, செலவில் பெரும்பங்கு ஏற்கெனவே தண்டுகளுக்குத்தான் போனது. ஆறு அடுக்கு வேண்டாம், ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன்.

ஃபாயில் மேல்மூடியும் நுரைப் பலகையும் முதல் நாளிலிருந்தே இருக்கும். வெட்டியவுடன் தேய்த்துவிட்டுத்தான் அடுக்கத் தொடங்குவேன். உலோகத்தின் பங்கையும் அலுமினாவின் பங்கையும் பிரிக்க, 14 மி.மீ. உயரத்தில் இன்னொரு தொகுதி தண்டுகள். உயரம் மாறினால் உலோகத்தின் பங்கு மாறும், அலுமினாவின் பங்கு மாறாது. இரண்டு அளவுகளிலிருந்து இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம்.

மேலே திறந்த வடிவத்தையும் விடப்போவதில்லை. தண்டை முழுவதும் எடுத்துவிடாமல், நடுவிலிருந்து வெளியே 3, 3.5, 4 மி.மீ. என்று விட்டத்தை மெல்ல ஏற்றினால் மேல்நோக்கிய கசிவு எவ்வளவு குறைகிறது என்று இப்போது முப்பரிமாணத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இது மடிக்கணினிக்குக் கொஞ்சம் பாரம்தான். சமச்சீரைப் பயன்படுத்தி நான்கில் ஒரு பங்கை மட்டும் கணக்கிட்டால் நினைவகத்தில் அடங்குகிறது. 3, 3.5 மி.மீ. தண்டுகள் வந்துவிட்டன; வெட்டும் வேலை பாக்கி.